காட்டோரக் கிணற்றில் மான் விழுகிறது: சுவர் எவ்வளவு உயரம் வேண்டும், உள்ளே விழுந்தது ஏறிவர என்ன வழி?

கீழ்க்கொல்லை:

ஒடுகத்தூருக்கும் அமிர்திக்கும் நடுவில் பட்டா நிலம். காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து 200 மீட்டர் இருக்கும். கிணறு 30க்கு 30 அடி சதுரம், 50 அடி ஆழம். மேலே 10 அடி மண்ணும் சரளையும், அதற்குக் கீழே பாறை. கார்த்திகையில் தண்ணீர் 8 அடியில் நிற்கும், சித்திரையில் 40 அடிக்குப் போய்விடும். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்குப் பழைய கல்சுவர், கிழக்கே மாடு கட்டி நீர் இறைத்த கவலை இருந்த பக்கம் அதுவும் கிடையாது. இந்தக் கோடையில் இரண்டு புள்ளிமான் விழுந்தன, ஒன்றைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது.

சுவர் கட்டினால் எவ்வளவு உயரம், எவ்வளவு கல்? கட்டுவதற்குப் பதில் மேலே வலை போட்டு மூடிவிடலாமா? அப்படியும் ஒன்று விழுந்துவிட்டால் அது தானாக ஏறிவர ஏதாவது செய்துவைக்க முடியுமா? பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தால் கிணற்றுப் பக்கம் வராது என்கிறார்கள், உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லுக்கட்டு:

ஐயா, முதலில் அந்த ஒன்றரை அடிச் சுவரைப் பற்றி. ஒன்றும் இல்லாத பக்கத்தைவிட அது மேலானது இல்லை. நாய் துரத்தி ஓடிவரும் மானுக்கு அது தாண்டக்கூடிய ஒரு புதர், அவ்வளவுதான். தாண்டிய பிறகுதான் அந்தப் பக்கம் தரை இல்லை என்று தெரியும். சுவரோரம் ஈரத்தில் புல்லும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தால் சுவரே கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுவருக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை, கிணற்றைச் சுற்றி 10 அடிக்குச் செடி கொடி எடுத்து வெறுந்தரையாக வைப்பது. செலவு ஒரு ஆள் கூலி.

இனி கட்டுமானம். கிணற்று வாயை ஒட்டிக் கட்டாதீர்கள். மேலே 10 அடி சரளை என்கிறீர்கள், அந்த விளிம்பில் பாரம் ஏற்றினால் இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் சுவரும் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். வாயிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளுங்கள், விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் 5 அடி. 3 அடி தள்ளினால் ஒரு பக்கம் 36 அடி, சுற்றளவு 144 அடி. கதவுக்கு 4 அடி விட்டால் சுவர் 140 அடி.

அஸ்திவாரம் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கருங்கல் கட்டு. கணக்குப் போட்டால் 324 கன அடி வரும், அதாவது மூணேகால் யூனிட் கல். அதன்மேல் 16க்கு 8க்கு 6 அங்குல சாலிட் பிளாக் ஐந்து வரிசை. வரிசைக்கு 105, ஐந்துக்கு 525, உடைசல் சேர்த்து 550 வாங்குங்கள். கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு. ஐந்து வரிசை ஏறினால் பூச்சோடு மூன்றரை அடி. 6 அங்குலச் சுவர் 36 அடி நீளத்துக்குத் தனியாக நிற்காது, மாடு உரசினாலே ஆடும். ஆகவே 9 அடிக்கு ஒரு தூண், ஒரு அடிக்கு ஒரு அடி, மொத்தம் 16. கதவுக்காக இன்னொன்று. தூணுக்குள்ளேயே ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை அஸ்திவாரத்திலிருந்து நிறுத்தி, சுவருக்கு மேல் இன்னும் 3 அடிக்குச் செயின்லிங்க் வலை கட்டுங்கள். மொத்த உயரம் ஆறடிக்கு மேல் வந்துவிடும்.

முழு உயரத்துக்கும் வலையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். வலை இரவில் தெரியாது. ஓடிவரும் மான் அதில் முட்டிக் கொம்பு மாட்டிக்கொள்ளும். கீழே மூன்றரை அடி திடமாக இருந்தால்தான் “இங்கே ஏதோ இருக்கிறது” என்று தூரத்திலேயே விலகும். வெளிப்பக்கம் பூசி வெள்ளையடியுங்கள், கல் துருத்திக்கொண்டு இருந்தால் அது நரிக்குப் படி. முள்கம்பி எங்கேயும் வேண்டாம்.

கடைசியில் எல்லோரும் கோட்டை விடுவது மழைநீர்ப் போக்கு. சுவருக்கும் கிணற்று வாய்க்கும் நடுவே உள்ள 3 அடியில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிந்தால் சரளை கரையும். தரையை வெளிப்பக்கம் சாய்த்து, சுவர் அடியில் 4 அங்குலக் குழாய் வைத்து, குழாய் வாயில் இரும்புச் சல்லடை அடியுங்கள். சல்லடை இல்லாவிட்டால் கீரி, ஆமை எல்லாம் அந்த வழியாகவே உள்ளே போகும்.

கவலை இருந்த கிழக்குப் பக்கத்தை முதலில் அடையுங்கள். பணம் தவணையாக வருகிறது என்றால் மற்ற மூன்று பக்கம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

கம்பிவேலி:

இவ்வளவு செலவு எதற்கு அண்ணா? சுற்றி நாலு குச்சி நட்டு ஒரு கம்பி இழுத்து ராத்திரியில் லேசாகக் கரண்ட் விட்டால் எதுவும் கிட்டே வராது. நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மலையடிவாரம்:

கம்பிவேலி, இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடப் போகிறார்கள். வீட்டு லைனில் “லேசான கரண்ட்” என்று ஒன்று இல்லை. 230 வோல்ட் தொடர்ந்து ஓடும். தொட்டதும் தசை இறுகி விடமுடியாமல் போகும், மானும் சாகும், விடியற்காலையில் மோட்டார் போட வரும் ஆளும் சாவார். மின்சாரச் சட்டத்தில் ஒரு குற்றம், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு குற்றம். செத்தது முதல் அட்டவணை விலங்காக இருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இது இன்னும் பெரிய விவகாரம்.

சோலார் வேலி வேறு. அதில் எனர்ஜைசர் கருவி நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, ஒரு துடிப்பு மட்டும் அனுப்பும். வலிக்கும், விட்டுவிடும். அதையும் இஷ்டத்துக்குப் போட முடியாது. 2023இல் தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கான பதிவு, ஒழுங்குமுறை விதிகள் வந்துவிட்டன. காட்டோர நிலத்தில் வனத்துறையிடம் பதிவு செய்துதான் அமைக்க வேண்டும். எப்படியும் கிணற்றுக்கு அது தேவையில்லை. நாய் துரத்தி வரும் மான் எந்தக் கம்பியையும் பார்த்து நிற்காது.

இந்தக் கோடைக்குள் சுவர் முடியாது என்றால் தற்காலிகமாக முள் அடைப்பு போடுங்கள். வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) கிளைகளை வெட்டி, வாயிலிருந்து 6 அடி தள்ளி, 5 அடி உயரம், 4 அடி தடிமனில் அடுக்கினால் ஒரு கோடை தாங்கும். காய் முற்றுவதற்கு முன் வெட்டிய கிளையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு நிலம் முழுக்க வேலிகாத்தான். உயிர்வேலி நட நினைத்தால் கிளுவைப் போத்து, 5 அடி நீளம், அடிக்கு ஒன்று, ஆடி மழைக்கு முன். வேலிகாத்தானையே உயிரோடு விட்டு வேலியாக்காதீர்கள், அதன் வேர் கிணற்றுச் சுவரைப் பிளக்கும்.

காட்டுப்பாதை:

சுவரைப் பற்றிக் கல்லுக்கட்டு ஐயா சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. குஜராத்தில் கிர் காட்டைச் சுற்றிய ஜூனாகத், அம்ரேலி பக்கத்து வயல்களில் சிங்கங்கள் திறந்த கிணற்றில் விழுந்து செத்தபோது, அங்கேயும் ஊர் ஊராகக் கைப்பிடிச் சுவர்தான் கட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயம். மான் விழுந்தால் சத்தம் கேட்கும், ஊர் கூடும். புள்ளிமான் உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. நம் ஜவ்வாது மலையடிவாரத்தில் கவலைப்பட வேண்டிய பட்டியல் வேறு. அலங்கு (எறும்புத்தின்னி) அழியும் ஆபத்தில் உள்ள இனம். கரடியும் சிறுத்தையும் நட்சத்திர ஆமையும் அதற்கு ஒரு படி கீழே, பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை என்ற வரிசையில். அலங்கு, ஆமை இரண்டும் கள்ளச் சந்தையில் போகின்றன என்பதால்தான் பன்னாட்டு வணிகத்தை அடியோடு தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் அலங்கை 2016 மாநாட்டிலும் நட்சத்திர ஆமையை 2019 மாநாட்டிலும் சேர்த்தார்கள். இவை கிணற்றில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நட்சத்திர ஆமை நிலத்து ஆமை, அதற்கு நீந்தத் தெரியாது. மூழ்கிவிடும், மிதந்து நாறினால்தான் தெரியும். ஆகவே சுவரின் அடிப்பகுதியில் ஓட்டை இல்லாமல் இருப்பது மேலே இருக்கும் வலையைவிட முக்கியம்.

மேலே வலை போட்டு மூடுவது பற்றி: ஆறடி விட்டமுள்ள உறைகிணறு என்றால் ஒன்றரை அங்குல ஆங்கிளில் சட்டம் அடித்து இரண்டு அங்குல வெல்டுமெஷ் போட்டு மூடலாம், அருமையாக நிற்கும். 30 அடிக் கிணற்றுக்கு நடுவில் தாங்க கர்டர் வேண்டும், கட்டுப்படியாகாது. மலிவு என்று நைலான் வலை கட்டினால் அது தொய்ந்து, ஆந்தையும் வௌவாலும் பாம்பும் சிக்கிச் சாகும் கண்ணியாகிவிடும்.

உள்ளே ஏறுபாதை வைக்க முடியும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாட்டுத் தொட்டிக்குள் பறவையும் வௌவாலும் ஏறிவரச் சாய்வாக ஒரு கம்பிவலை வைப்பது வழக்கம். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று: தண்ணீரில் விழுந்த பிராணி நடுவில் நீந்தாது, சுவரைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். ஏறுபாதை சுவரை ஒட்டி இருந்தால்தான் அதன் காலில் படும். கிணற்றுக்கும் இதே விதி.

உங்கள் தண்ணீர் 8 அடியிலிருந்து 40 அடி வரை இறங்குவதால் நிலையான படி பயன்படாது, மிதவை வேண்டும். 35 லிட்டர் எண்ணெய் கேன் ஆறு எடுத்து மூடியை எம்சீல் வைத்து அடையுங்கள். படுக்கவைத்து இரண்டு வரிசையாகக் கட்டி மேலே 6க்கு 4 அடிக்கு மூங்கில் பிளாச்சு அடியுங்கள். கேன்கள் சேர்ந்து சுமார் 200 கிலோ தாங்கும், மூங்கில் 40, வளர்ந்த கிடாமான் 80 என்று வைத்தாலும் மிச்சம் இருக்கிறது. 200 லிட்டர் டிரம் போடத் தோன்றும், போடாதீர்கள். டிரம் மேல் அடித்த தளம் தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி நிற்கும், நீந்திக் களைத்த மானால் அதில் முன்கால் வைக்க முடியாது.

கேன் மிதவையிலும் ஏற ஒரு நாக்கு வேண்டும். 4 அடிக்கு 4 அடிப் பலகையை மிதவையின் ஓரத்தில் பழைய டயர் ரப்பரைக் கீலாக வைத்து ஆணியடியுங்கள். மரம் மிதக்கும், ஆகவே பலகையின் வெளி ஓரத்தில் உடைந்த பிளாக் துண்டு ஒன்றைக் கட்டி, அந்த முனை ஒன்றரை அடி தண்ணீருக்குள் அமிழ்ந்து இருக்கும்படி செய்யுங்கள். பலகையின் மேல் சாக்கு அடித்தால் குளம்பு வழுக்காது.

மிதவை சுவரை விட்டு நகராமல் இருக்க மேலிருந்து அடிவரை இரண்டு 12 மி.மீ. கயிறு, கீழே கல் கட்டி, 3 அங்குல வளையத்தில் ஓடவிடுங்கள். வளையம் சிறியதாக இருந்தால் பாசி பிடித்து நின்றுவிடும். இதில் வழக்கமாகக் கெட்டுப்போவது ஒன்றுதான். தண்ணீர் இறங்கும்போது மிதவை பாறைத் துருத்தலில் மாட்டி அந்தரத்தில் தொங்கும், யாரும் கவனிப்பதில்லை. துருத்தல் குறைந்த சுவராகப் பார்த்து வையுங்கள், தையிலிருந்து வைகாசி வரை வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

மிதவை மானைக் கரையேற்றாது, நீந்திச் சாகாமல் தாங்கும், அவ்வளவுதான். மரநாய், கீரி, காட்டுப்பூனை, பாம்பு இவை தாமாக ஏறிவிடும், அதற்குத் தென்னை நார்க் கயிற்றுவலை போதும். ஒரு மீட்டர் அகலச் சுருள் இரண்டைச் சேர்த்துத் தைத்து வாயிலிருந்து அடிவரை தொங்கவிட்டு, மிதவை அதைத் தொடும்படி வையுங்கள். முக்கியம்: வலை கிணற்று வாயோடு நின்றுவிடக் கூடாது. ஏறிவந்தது உங்கள் புதுச் சுவரின் உள்பக்கம் மாட்டிக்கொண்டு மறுபடி விழும். சுவரின் மேல்வரை கொண்டுபோய், அந்த இடத்தில் மட்டும் செயின்லிங்க் அடியில் அரை அடி சந்து விட்டு, வெளியே ஒரு அடி தொங்கட்டும். ஈரத்தில் நார் இரண்டு மூன்று வருடம்தான் வரும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலையடிவாரம்:

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பாதி உயிர் அங்கேதான் போகிறது.

முதலில் மோட்டார் மெயினை அணையுங்கள். 112 அல்லது தீயணைப்புக்கு 101, கூடவே வனச்சரக அலுவலகம். கூட்டத்தை 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், செல்போன் வெளிச்சம் அடிக்க விடாதீர்கள். அவர்கள் வரும்வரை மான் மிதக்க ஏதாவது வேண்டும். வாழைமரம் மூன்றை நெருக்கிக் கட்டி இறக்குங்கள், லாரி டியூப் இருந்தால் அதையும். தண்ணீரை இறைத்துக் காலி செய்யலாம் என்று யாராவது மோட்டார் போடச் சொல்வார்கள். வேண்டாம். தண்ணீர் இறங்க மணிக்கணக்காகும், கம்பியில் கசிவு இருந்தால் எல்லோருக்கும் ஷாக்.

யாரும் கயிறு கட்டிக்கொண்டு குதிக்க வேண்டாம். பழைய ஆயில் இன்ஜின் உள்ளே ஓடிய கிணறு, பல நாள் இறங்காத கிணறு என்றால் அடியில் மூச்சுக் காற்று இருக்காது. அது தீயணைப்பு வீரர்களின் வேலை.

மானைத் தூக்கியதும் கண்ணைத் துணியால் மூடுங்கள், பாதி பயம் அடங்கும். மல்லாத்திக் கிடத்தினால் வயிறு உப்பும். நெஞ்சு தரையில் படும்படி, தலை உயர்ந்து, மூக்கு தாழ்ந்து இருக்கட்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். “எழுந்து நின்றது, ஓடியது, மறுநாள் செத்துக் கிடந்தது” என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் காயத்தால் இல்லை. பிடிபட்ட பயத்திலும் திமிறலிலும் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைப்பதால் வரும் சாவு. ஆகவே கையாளும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தூக்கிச் சுமந்து ஊர்வலம் போகாமல், காட்டோரமாகவே விடுவதா கால்நடை மருத்துவரிடம் காட்டுவதா என்பதை வனத்துறை முடிவு செய்யட்டும்.

சிறுத்தை, கரடி என்றால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே. கயிற்றுக் கட்டிலை நாலு காலிலும் கயிறு கட்டிச் சமமாகத் தண்ணீர்மட்டத்துக்கு இறக்கிவிட்டு விலகிப் போங்கள். ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு கூண்டா, இரவில் நீள ஏணி வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிவிடுவதா என்று துறை பார்த்துக்கொள்ளும். ஏணி வைத்த பிறகும் சுற்றி ஆள் நின்றால் அது விடியும்வரை ஏறாது.

கல்லுக்கட்டு:

தண்ணீர்த் தொட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் நிலத்தில் வேண்டாம் ஐயா. கிணற்றுப் பக்கம் வராமல் இருக்க வைத்த தொட்டி, தினமும் அந்தப் பாதையில் வரப் பழக்கிவிடும். மான் வந்தால் நாய் வரும், பின்னாலேயே சிறுத்தை. ஆடு மாடு குடிக்கும் தொட்டியிலேயே அவையும் வாய் வைத்தால் கோமாரி இரண்டு பக்கமும் பரவும். காப்புக்காட்டுக்குள் கோடையில் தொட்டி நிரப்புவது வனத்துறை வேலை, அனுமதி இல்லாமல் நாம் உள்ளே போய் வைக்க முடியாது. அவர்கள் தொட்டிக்கு டிராக்டர் தண்ணீர் தர விரும்பினால் சரகரிடம் கேட்கலாம். அங்கே புதிதாகக் கட்டச் சொன்னால் செங்குத்துச் சுவர் வைத்த தொட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டுப்போல, நடுவில் ஒன்றரை அடி ஆழம், ஓரம் மூன்றுக்கு ஒன்று சாய்வு. ஆமைக்குட்டிகூட இறங்கி ஏறும்.

கீழ்க்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. வாயை விட்டு 5 அடி தள்ளியே கட்டலாம் என்று இருக்கிறேன், தென்மேற்கு மூலையில் வெடிப்பு இருக்கிறது. அப்படியானால் கணக்கு மாறுமே. இன்னொன்று, அந்த மூலையில் கிணற்றுக்கு மேல் சாய்ந்த ஒரு ஈச்ச மரம், தூக்கணாங்குருவிக் கூடு இருபதுக்கு மேல் தொங்குகிறது. கட்டுமானத்துக்கு மரத்தை எடுக்கச் சொல்கிறார்கள்.

கல்லுக்கட்டு:

5 அடி என்றால் பக்கம் 40 அடி, சுற்றளவு 160, கதவு போக 156. வரிசைக்கு 117, ஐந்துக்கு 585, 615 பிளாக் வாங்குங்கள். அஸ்திவாரம் 360 கன அடி, 3.6 யூனிட் கல். தூண் 10 அடிக்கு ஒன்று வைத்தால் அதே 16 போதும், கதவுக்கு ஒன்று கூட.

காட்டுப்பாதை:

மரத்தை எடுக்காதீர்கள். பாம்பும் மரநாயும் எட்டாது என்றுதான் தூக்கணாங்குருவி தண்ணீருக்கு மேல் தொங்கும் மட்டையைத் தேடிக் கட்டுகிறது. சுவரை அந்த மூலையில் மட்டும் மரத்துக்கு வெளியே வளைத்துக்கொண்டு போங்கள், பத்துப் பதினைந்து பிளாக் கூடும். ஆடியிலிருந்து ஐப்பசிவரை கூட்டில் குஞ்சு இருக்கும், அந்த மூலை வேலையை மாசிக்குத் தள்ளுங்கள். கிணற்றின் உள்சுவரையும் பூச வேண்டாம், கல் இடுக்கில் புறாவும் மைனாவும் இருக்கும். அந்த ஈச்ச மரத்தடியில் கயிற்றுவலையைத் தொங்கவிடாதீர்கள், கூட்டுக்குப் பாம்பு ஏற நீங்களே ஏணி வைத்ததாகிவிடும். எதிர் மூலையில் வையுங்கள்.